அம்பலம் ஏற வேண்டியவை எவை?

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் செய்தி சேகரிப்போருக்கும், அந்தச் செய்திகளுக்குத் தலைப்பிடும் துணை ஆசிரியர்களுக்கும்



நாள் தவறாமல் நீங்கள் கையாளும் சொல் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ‘முறைகேடு அம்பலம்’, ‘மோசடி அம்பலம்’, ‘கள்ளக்காதல் அம்பலம்’ என்று ஒரே பக்கத்தில் மூன்று தலைப்புகளில் அந்தச் சொல் வந்துவிடுகிறது. ரேஷன் அரிசியைக் கடத்தியவரின் செயலும், ஒரு பெண் யாருக்கோ அனுப்பிய குறுஞ்செய்தியும் அதன் கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. இது உங்கள் மண்ணோடு நெருங்கிய சொல். சிற்றம்பலம் என்றும் பொன்னம்பலம் என்றும் பாடப்பட்ட தில்லை இங்கேதான் இருக்கிறது. அம்பலம் என்றால் ஊர் கூடும் பொதுவிடம். தென்மாவட்டங்களில் ஊர்த்தலைவருக்கு இன்னும் அம்பலக்காரர் என்ற பெயர் உண்டு. கேரளத்தில் கோயிலே அம்பலம்தான். ஆகவே ஒன்றை அம்பலப்படுத்துவது என்றால், பொதுவிடத்தில் இருந்திருக்க வேண்டியதை எவரோ மறைத்து வைத்திருந்தார், அதை அதன் இடத்தில் கொண்டுவந்து வைத்தோம் என்று பொருள்படுகிறது. எல்லோருக்கும் உரியதற்கே இந்தச் சொல் பொருந்தும், ஒருவருக்கு மட்டும் உரியதற்குப் பொருந்தாது என்பதே இந்த மடலில் நான் வாதிட வந்தது. உங்கள் மாவட்டச் செய்திகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

மறைவானதை வெளியே சொல்வதற்குத் தமிழில் எத்தனையோ வினைகள் இருக்கின்றன. அவை வெறும் மாற்றுச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பையும் சுமந்து வருகிறது. போட்டுக்கொடுத்தான் என்றால் சொன்னவன் அற்பன். காட்டிக்கொடுத்தான் என்றால் துரோகி. துப்புக் கொடுத்தான் என்றால் போலீசுக்கு வேண்டியவன். கோள் மூட்டுகிறவனும் வத்தி வைக்கிறவனும் குடும்பத்தைப் பிரிப்பவர்கள். போட்டு உடைத்தான் என்பதில் கொஞ்சம் துணிச்சலும் கொஞ்சம் அவசரமும் தெரிகின்றன. மனம் திறந்தார் என்பது மட்டும்தான் தன்னுடையதைத் தானே விரும்பிச் சொன்னவருக்கு உரியது. பழைய அகத்திணை மரபு இதில் இன்னும் நுட்பமானது. காதலரைப் பற்றி ஊர் பேசுவதை அது அம்பல், அலர் என்று இரண்டாகப் பிரித்தது. வாய்விட்டுச் சொல்லாமல் முகக்குறிப்போடு முகிழ்ப்பது அம்பல். ஊரறியப் பரவிவிட்டது அலர். அடுத்தவர் வாழ்க்கை எந்தக் கட்டத்தில் பொதுப்பேச்சாகிறது என்பதை அளந்து பார்க்க அந்த மரபு இரண்டு தனிச் சொற்களை வைத்திருந்தது. வள்ளுவரிடமும் இந்தப் பகுப்பு இருக்கிறது. புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம், அரசனின் ஒற்றாடலுக்கு இன்னோர் அதிகாரம். கேட்ட மறைபொருளைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்கிறவனை அறையப்படும் பறைக்கு ஒப்பிட்டுக் கயவர் பட்டியலில் சேர்த்தவரும் அவரே. வெளியே சொல்வது எப்போதும் நல்லது என்றோ எப்போதும் தீது என்றோ அவர் சொல்லவில்லை. யாருடையது, யாருக்காக, எதன் பொருட்டு என்பதைக் கொண்டு செயலின் தன்மை மாறுகிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் பாருங்கள். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சொன்னஞ்சாவடி, சங்கொலிக்குப்பம் என்று உப்பனாற்றை ஒட்டிய ஊர்களின் நடுவே 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பூச்சிமருந்து, சாயம், மருந்து மூலப்பொருள் என்று பெரும்பாலும் வேதியியல் ஆலைகள். எந்த ஆலையில் என்ன தயாராகிறது, இரவில் வீசும் நெடி எதனுடையது என்பதெல்லாம் சுற்றுவட்டார மக்களுக்குப் பல்லாண்டுகள் சொல்லப்படவில்லை. 2003இல் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஜே. கனகராஜ் விசாரித்து, இந்திய மக்கள் தீர்ப்பாயத்தின் சார்பில் அறிக்கை தந்தார். அதையடுத்து அந்த ஊர்க்காரர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். கருவி இல்லாத நிலையில் மூக்கையே கருவியாக்கினார்கள். அழுகிய முட்டைக்கோசு, அழுகிய முட்டை, நகப்பூச்சு என்று நெடிக்கு நெடி பெயரிட்டு, எந்த ஆலைக்கு அருகே, எந்த நேரத்தில், காற்று எந்தப் பக்கம் வீசியபோது அது வந்தது என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். 2004இல் வந்த அவர்களின் அறிக்கை காற்றில் 22 நச்சு வேதிப்பொருள்கள் இருந்ததாகவும், அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்றும் சொன்னது. பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நாக்பூரின் நீரி நிறுவனம் செய்த ஆய்வு, அங்கே வாழ்வோருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இயல்பைவிடக் குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டது. அரசு நிறுவனமே போட்ட கணக்கு இது. அம்பலம் என்ற சொல் பொருந்தும் செய்தி ஒன்று இந்த மாவட்டத்தில் உண்டென்றால் அது இதுதான். அந்த ஊர்ப் பெண்களும் ஆண்களும் படிப்படியாகச் சேர்த்த நோட்டுப் புத்தகங்களை இதழியல் என்றே நான் மதிக்கிறேன். நம் மாவட்டப் பக்கங்களில் அவற்றுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை நீங்களே பழைய இதழ்க் கட்டுகளைப் புரட்டிப் பாருங்கள்.

தொழில் ரகசியம் என்று ஒன்று இருக்கிறதே, அதை வெளியிட்டால் போட்டியாளர் பயன்பெறுவார், முதலீடு வராது, வேலைவாய்ப்பு போய்விடும் என்று ஆலைத் தரப்பு சொல்லும். இதில் பாதி நியாயம் உண்டு. தயாரிப்பு முறை அவர்களுடையது. எந்த வெப்பத்தில் எதை எவ்வளவு கலக்கிறார்கள் என்று கேட்க ஊருக்கு உரிமை இல்லை. ஆனால் புகைபோக்கியைத் தாண்டி வெளியே வந்துவிட்ட பொருள் அதைச் சுவாசிக்கிறவரின் உடம்புச் செய்தியாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை நம் சட்டம் போபாலிலிருந்து கற்றது. 1984 டிசம்பரில் அங்கே ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்தபோது மருத்துவமனைக்கு ஓடிவந்தவர்களுக்கு என்ன மருந்து கொடுப்பது என்று மருத்துவர்கள் திகைத்தார்கள். வந்த வாயு எது என்பதே அவர்களுக்கு உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான ஆலை நடத்துபவர், அங்கே உள்ள ஆபத்துகளையும் அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும் தொழிலாளருக்கும், உள்ளாட்சி அமைப்புக்கும், சுற்றுப்புறப் பொதுமக்களுக்கும் கேட்காமலே தெரிவிக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. 2021 மே மாதம் சிப்காட்டின் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அதுபோன்ற நாளில் எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்பதோடு, அந்த ஆலை தன் சுற்றுப்புறத்துக்கு என்னென்ன தெரிவித்திருந்தது, எதைத் தெரிவிக்காமல் விட்டது என்பதும் செய்தியில் இடம்பெற வேண்டும்.

இத்தகைய செய்திகளில் சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கவனியுங்கள். ஆலைக்குள் நடப்பதை வெளியே சொல்லும் ஒப்பந்தத் தொழிலாளி ஊரில் போட்டுக்கொடுத்தவன் ஆகிறான். மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்பவர் பெட்டிசன் பார்ட்டி ஆகிறார். கோப்பின் நகலை வெளியே கொண்டுவந்த எழுத்தர், ஆவணத்தைக் கசியவிட்டவர் என்று உங்கள் செய்தியிலேயே பழி சுமக்கிறார். ஆனால் அதே பக்கத்தில் ஒரு பெண்ணின் கைப்பேசிப் படங்களைப் பரப்பியவனின் செயலுக்கு ‘அம்பலமானது’ என்று கௌரவம் கிடைக்கிறது. பொதுநலனுக்காகப் பேசியவருக்கு அவமானச் சொல், தனிமனிதரை நிர்வாணமாக்கியவருக்குப் பெருமைச் சொல். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் முன்னோர் நொந்து சொன்னார்கள். ஏழையின் சொல் ஏறாத அதே அம்பலத்தில் ஏழையின் வீட்டு அந்தரங்கம் மட்டும் தடையின்றி ஏறுகிறது என்பது என் கடுமையான மனக்குறை. இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். அரசு அலுவலகம் தர மறுக்கும் தகவலைச் ‘சிதம்பர ரகசியம்’ என்று எழுதுகிறோம். சிற்சபையில் நடப்பதோ வேறு. அங்கே திரை விலக்கப்படுகிறது, தீபம் காட்டப்படுகிறது, தொங்கும் பொன் வில்வ மாலைகளையும் வெட்டவெளியையும் வந்தவர் எல்லோரும் பார்க்கிறார்கள். காட்டியும் முழுதும் பிடிபடாத ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர். பூட்டிய அலமாரிக் கோப்புக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், அதிகாரி செய்யும் சட்டமீறலுக்கு ஒரு புனிதத்தன்மையை ஏற்றிவிடுகிறோம். தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. தேசியச் சட்டம் வந்தது 2005இல்தான். அதன்படி கேட்டும் மறுக்கப்பட்ட தகவலை ‘மறுக்கப்பட்ட தகவல்’ என்றே எழுதுங்கள். மறுத்தவரின் பதவியையும், எந்தப் பிரிவைக் காட்டி மறுத்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி மறுபக்கம். தனிமனித அந்தரங்கத்துக்கு இந்தியச் சட்டத்தில் இடம் வாங்கித் தந்த முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று தமிழ் வார இதழ் ஒன்றின் வழக்கில் பிறந்தது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ முன்வந்தது. அதில் உயர் அதிகாரிகளோடு அவருக்கிருந்த தொடர்புகள் சொல்லப்பட்டிருந்தன. சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இரண்டு காரியங்களை ஒன்றாகச் செய்தது. தங்களைப் பற்றிய அவதூறு வந்துவிடும் என்ற அச்சத்தில் அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. அதே மூச்சில், ஒவ்வொரு குடிமகனுக்கும் தன் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, அவர் சம்மதமின்றி அவற்றைப் பற்றி யாரும் வெளியிடக்கூடாது என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம். ஆனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக்கூடாது. பொது ஊழியரோ, தன் பதவிக் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்தரங்கம் என்ற கேடயத்தைப் பிடிக்க முடியாது. பத்திரிகையின் உரிமையும் தனிமனிதரின் உரிமையும் ஒன்றையொன்று தின்ன வேண்டியதில்லை என்பதை அந்தத் தீர்ப்பு ஒரே இடத்தில் காட்டியது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, இந்த வழிதான் இன்னும் அகலமாயிற்று.

இருந்தும் என்ன நடக்கிறது? 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர் முன்னிலையில் சொன்னார். அரசாணையிலும் அவர் அடையாளம் இடம்பெற்றது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவர் பற்றிய விவரங்களோடு வெளியே பரவியது. அவருக்கும் 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இரண்டிலும் தவறின் தொடக்கம் அரசுத் தரப்பில். ஆனால் ஒரு பெயர் கைக்கு வந்த பிறகு அதை மேலும் கொண்டுபோவதா நிறுத்துவதா என்று முடிவெடுத்தவர்கள் செய்தியாளர்களும் வாசகர்களும். ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் கடமை முடிந்ததாகப் பலரும் எண்ணுகிறார்கள். ‘சிதம்பரம் அருகே உள்ள’ என்று தொடங்கி ஊர்ப் பெயர், கல்லூரி, படிக்கும் பாடம், தந்தையின் தொழில், வீடு எந்தக் கோயிலுக்குப் பின்புறம் என்பதுவரை எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால், இருநூறு வீடுள்ள ஊரில் அந்தப் பெண் யாரென்று தெரியாதவர் யார்? 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவாக்கியது: மறைமுகமாகவேனும் அடையாளம் காண உதவும் எந்த விவரத்தையும் வெளியிடக்கூடாது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு அதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மூடிய அறையில், அடையாளம் காக்கப்பட்ட நிலையில், பெண்கள் சாட்சி சொன்ன வழக்கு அது.

இன்னொரு வினையை நீங்கள் அறவே கைவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். ‘போலீசாரின் கிடுக்கிப்பிடி விசாரணையில் உண்மையைக் கக்கினார்’ என்று எழுதுகிறோம். ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று தலைப்பிடுகிறோம். காவல் அதிகாரியிடம் தரப்படும் ஒப்புதலைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்பது ஆங்கிலேயர் காலத்துச் சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றைய சட்டம்வரை மாறாமல் வரும் விதி. ஏன் அந்த விதி என்று கேட்டால் உங்கள் மாவட்டமே பதில் சொல்லும். 1993 மார்ச்சில் விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு, நகைத் திருட்டு வழக்கில், குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ராசாக்கண்ணு கொண்டுபோகப்பட்டார். ‘சொல், சொல்’ என்று அடித்தார்கள். அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் இறந்தார், தப்பி ஓடிவிட்டதாகக் காவலர்கள் கதை கட்டினார்கள். அவருடைய மனைவி நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதால், வழக்கறிஞர் சந்துரு வாதிட்டதால், உண்மை வெளியே வந்தது. காவலர்கள் தண்டனை பெற்றார்கள். ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகு 2021இல் உலகமே அறிந்த இந்த வழக்கில் ‘கக்கு’ என்ற வினை செய்த வேலையை யோசித்துப் பாருங்கள். உள்ளே உண்மை இருக்கிறது, வயிற்றை அமுக்கினால் வந்துவிடும் என்ற காவல் நிலைய நம்பிக்கையை நாம் அச்சில் ஏற்றி ஊருக்கு விற்கிறோம். வாக்குமூலம் என்று காவலர் தந்த தாளை அப்படியே செய்தியாக்கும்போது, அடிபட்டவர் தாமே விரும்பிப் பேசியதாக ஊர் நம்பிவிடுகிறது. ‘ஒப்புக்கொண்டதாகக் காவல் துறை கூறுகிறது’ என்று எழுத ஒரு வரிதான் கூடுதலாக வேண்டும்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்தரங்கம் அந்தரங்கம் என்று சொல்லிச் சொல்லியே அதிகாரத்தில் உள்ளவர்கள் ஒளிந்துகொள்வார்களே என்பது அது. இந்த அச்சம் கற்பனை அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, தனிநபர் தகவலை மறுக்கும்போதும் பெரிய பொதுநலன் இருந்தால் தர வேண்டும் என்று சொல்லி வந்தது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை வெட்டி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. ஓர் அதிகாரியின் மீதான ஒழுங்கு நடவடிக்கையும், நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலும்கூட இனி தனிநபர் தகவல் என்ற போர்வைக்குள் போகக்கூடும். இந்தத் திருத்தத்தை நான் தவறென்றே கருதுகிறேன். ஆனால் இதற்கு மருந்து, எளியவரின் அந்தரங்கத்தையும் சேர்த்துக் கிழிப்பது ஆகாது. பொதுப்பணம், பொதுப்பதவி, பொதுக்காற்று, பொதுநீர் ஆகியவற்றைத் தொடும் எதுவும் அந்தரங்கமன்று என்று உறுதியாக நிற்பதுதான் வழி. ஊராட்சித் தலைவர் சாலை ஒப்பந்தத்தை யாருக்குக் கொடுத்தார் என்பது அம்பலம் ஏற வேண்டியது. அவர் மகள் யாரைக் காதலிக்கிறாள் என்பது ஏறக்கூடாதது. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதி வந்ததால்தான், அந்தரங்கத்தின் பெயரால் கோப்புகளை மூட முனைபவர்களுக்கு மக்கள் ஆதரவு கிடைக்கிறது. ‘பத்திரிகைக்காரர் கையில் கிடைத்தால் எதையும் நாறடித்துவிடுவார்’ என்று ஊர் நம்பினால், தகவல் உரிமைக்காக அந்த ஊர் நம் பக்கம் வந்து நிற்காது.

வாசகர் இத்தகைய அந்தரங்கச் செய்திகளைத்தான் விரும்புகிறார் என்பது இன்னொரு மறுப்பு. வாசகர் ஆர்வம் காட்டுவது உண்மை. ஆனால் பொதுமக்கள் ஆர்வமும் பொதுநலனும் ஒன்றல்ல என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயரை மறைப்பதால் குற்றத்தின் கொடுமை மங்கிவிடாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். தன் பெயரோடு, தன் முகத்தோடு வந்து பேச ஒரு பெண் தானே முடிவெடுத்தால், அதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அங்கே ‘மனம் திறந்தார்’ என்று முழு மரியாதையோடு எழுதலாம். அவருடையதைச் சொல்லும் உரிமை அவரிடம் இருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது. கொலையையும் வன்கொடுமையையும் எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குற்றவாளியின் செயலை, காவல் துறையின் தாமதத்தை, நீதிமன்றத்தின் நடைமுறையை விரிவாக எழுதுங்கள். பாதிக்கப்பட்டவரின் தெருவை விட்டுவிடுங்கள்.

உங்கள் ஊதியமும் நேரமும் எவ்வளவு குறைவு என்பது தெரிந்தே இதைக் கேட்கிறேன். காவல் நிலையக் குறிப்பைச் செய்தியாக்க அரைமணி நேரம் போதும், சிப்காட் செய்திக்கு மாதங்கள் ஆகும் என்பதும் தெரியும். ஆனாலும் தொடங்குவதற்குச் செலவு அதிகமில்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு விண்ணப்பத்தைக் கடலூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். சிப்காட் ஆலைகளில் கடந்த ஆண்டு எடுத்த காற்று, நீர் மாதிரிகளின் முடிவுகளையும், ஆலைகளிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதங்களின் நகல்களையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். வந்த பதிலையோ, பதில் வராததையோ, குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் உள்ளவர்கள் படிக்கும்படி முதல் பக்கத்தில் போடுங்கள். அம்பலம் என்ற சொல்லை அந்தத் தலைப்புக்காக எடுத்து வையுங்கள்.